புருவத்துக்குக் கீழே ஒரு கீற்று

திருச்சி தில்லைநகரில் ஒரு கல்யாண மண்டபம். விடிகாலை மூன்றரை மணி. சமையல்கட்டில் அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது. மணமகள் அறையில் இன்னும் மேக்கப் பெட்டியே திறக்கவில்லை. பெட்டிக்குச் சொந்தக்காரர் மேடையில் நின்றுகொண்டு, புறங்கையை மணவறைக்கு நேராக நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே மஞ்சள் சரவிளக்கு, எதிரே வீடியோக்காரரின் இரண்டு எல்.இ.டி. விளக்குகள், ஓரத்தில் குடை வைத்த ஃப்ளாஷ்.

“தம்பி, ஹோமத்தப்ப முன்னாடி லைட்ட எறக்குவீங்களா?”

“இல்லக்கா, உயரத்துலயேதான் இருக்கும். எறக்கினா பின்னாடி உக்காந்திருக்கவங்க சத்தம் போடுவாங்க.”

அவர் தலையாட்டிவிட்டு அறைக்குத் திரும்பினார். நானும் பின்னாலேயே போனேன். மணப்பெண் அலங்காரம் முழுவதையும் எழுத நான் வரவில்லை. இமைமடிப்புக்கு மேலே, புருவத்துக்குக் கீழே, சுண்டுவிரல் அகலம்கூடத் தேறாத ஓர் இடம் இருக்கிறதே, அங்கே ஹைலைட்டர் எப்படிப் போடுகிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டும். கல்யாண ஆல்பங்களில் அதிகம் கெட்டுப்போவது அந்த இடம்தான் என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் நன்றாக இருக்கும்; புருவத்தடியில் மட்டும் விபூதி பூசியது போல ஒரு வெள்ளை நிற்கும்.

பெண் மாநிறம். முதல் நாள் மாலை ரிசப்ஷன் முடிந்து, இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். ஃபவுண்டேஷன், கன்சீலர் எல்லாம் மளமளவென்று முடிந்தன. இமையில் செம்பு நிறம், மடிப்பில் பளபளப்பில்லாத பழுப்பு. கை தாமதித்தது புருவத்துக்கு வந்தபோதுதான். த்ரெட்டிங் இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது. அது நல்லது என்றார். முதல் நாள் சாயங்காலம் இழுத்திருந்தால் தோல் சிவந்திருக்கும், எரியும், மேலே வைக்கிற எதுவும் ஒழுங்காக உட்காராது. பத்து நாள் விட்டிருந்தாலோ, முளைத்த பூனைமயிரில் பவுடர் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாகத் தெரியும்.

புருவத்தைப் பென்சிலால் நிரப்பியதும், தட்டையான சின்னப் பிரஷ்ஷில் கன்சீலர் தொட்டு அதன் கீழ் விளிம்பை ஒரு கோடாக வழித்தார். புருவம் சட்டென்று எடுப்பாகிவிட்டது. “பாதிப் பேருக்கு இதோட நிறுத்திக்கலாம். இதுவே வெளிச்சம்தான்” என்றார். எனக்கு அது புதிய செய்தி. ஹைலைட்டர் என்றாலே மினுங்க வேண்டும் என்றுதான் கடைகளில் விற்கிறார்கள்.

அடுத்து விரல் நுனியால் பெண்ணின் புருவ எலும்பை அழுத்தித் தடவினார். புருவ வளைவின் உச்சியிலிருந்து வால் பக்கம் வரை எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடம் எது என்று தேடுகிறார். மேலிருந்து விழும் வெளிச்சம் இயல்பாகவே அந்த மேட்டில்தான் தங்கும். ஹைலைட்டர் அதைக் கொஞ்சம் கூட்டிக்காட்டும், அவ்வளவே. மூக்குப் பக்கம் வரை இழுத்துவிட்டால் கண் முழுக்க வீங்கினது போல ஆகிவிடும். குழிந்த கண்ணுள்ளவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே முன்னால் நிற்பதால் அவர் அங்கே ஒன்றும் வைப்பதில்லையாம்.

“கண்ணத் தொறந்து நேரா என்னப் பாரும்மா.”

கண்ணை மூடச் சொல்லாமல் திறக்கச் சொன்னது ஏன் என்று கேட்டேன். மூடியிருக்கும்போது இடம் பெரிதாகத் தெரியும், ஆசையாகப் பூசிவிடுவோம். திறந்ததும் பாதி மடிப்புக்குள் போய்விடும், மீதி புருவத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் திறந்த கண்ணில் இடம் குறித்துக்கொண்டு, பிறகுதான் மூடச் சொல்கிறார்.

பெட்டியில் ஷாம்பெய்ன், பீச், தங்கம், வெள்ளி என்று வரிசையாக நிறங்கள். வெள்ளியைத் தொடவேயில்லை. மணப்பெண்ணின் அம்மா தன் கல்யாண ஆல்பத்தை மொபைலில் படம் பிடித்து வைத்திருந்தார், காட்டினார். தொண்ணூறுகளின் கல்யாணம்: நீல இமை, அதன் மேலே புருவம் வரை பனி போல வெள்ளி. “அப்ப அதுதாம்மா ஃபேஷன்” என்று சிரித்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாயி, “எங்களுக்கு மையும் குட்டிக்கூரா பவுடரும்தான். மின்னுறதுக்கு வைரத்தோடு இருந்துச்சு” என்றார்.

அந்த வெள்ளி ஏன் நம் நிறத்துக்கு ஒத்துவருவதில்லை? டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். சி.ஐ. 77019, சி.ஐ. 77891, சி.ஐ. 77491 என்று பொடி எழுத்தில் எண்கள். முதலாவது மைக்கா, நம் ஊரில் காக்காப்பொன் என்பார்களே, அதுதான். இரண்டாவது டைட்டானியம் டைஆக்சைடு. மூன்றாவது இரும்பு ஆக்சைடு. காக்காப்பொன்னின் மெல்லிய செதிள்மேல் டைட்டானியம் டைஆக்சைடை ஏடு போலப் படியவைக்கிறார்கள். அந்த ஏட்டின் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்துதான் மினுக்கம் வருகிறது. ஏட்டின் கனம் மாற மாற வெள்ளி, பொன், இளஞ்சிவப்பு என்று நிறமும் மாறும். இரும்பு ஆக்சைடு சேர்த்தால் வெண்கலமும் செம்பும் கிடைக்கும். டைட்டானியம் டைஆக்சைடு வெறும் வெள்ளை நிறமியாகவும் பயன்படுவது. அது தூக்கலாக இருந்தால் கருத்த தோலில் சாம்பல் பூத்துவிடும். இரும்பு கலந்த பொன்னும் பீச்சும் தோலோடு சேர்ந்துகொள்ளும்.

காக்காப்பொன் என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடீஹ் பக்கம் கைவிடப்பட்ட சுரங்கங்களில் குழந்தைகள் இதைப் பொறுக்கி விற்பது பல ஆண்டுகளாகச் செய்தியில் வருகிறது. இதற்காகவே 2017இல் நிறுவனங்கள் சேர்ந்து ‘ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பைத் தொடங்கின. ஆலையில் செய்யும் செயற்கை மைக்காவும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. டப்பாவில் ‘சிந்தெட்டிக் ஃப்ளூர்ஃப்ளோகோபைட்’ என்று போட்டிருந்தால் அதுதான். இந்த அறையில் இருந்த டப்பாக்களில் ஒன்றே ஒன்றில் அது இருந்தது.

இதற்குள் பெண்ணுக்கும் மேக்கப் அக்காவுக்கும் ஒரு சின்னத் தகராறு.

“நேத்து மாதிரியே மின்னணும்க்கா.”

“நேத்து மின்னுச்சு, சரி. இன்னைக்குத் தலைசாமான் வச்சிருக்கு. நெத்திச்சுட்டி மின்னும், அது கல்லு மின்னும், அதுக்கடியில புருவமும் மின்னுனா கண்ணு எங்கடா தெரியும்?”

பெண் உதட்டைப் பிதுக்கினாள். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. நகத்தளவு பிரஷ்ஷில் பளபளப்பே இல்லாத, தோலைவிட ஒரு படி வெளுத்த பீச் பவுடரைத் தொட்டு, பிரஷ்ஷை ஒரு தட்டுத் தட்டி உதறி, வளைவின் உச்சியிலிருந்து வாலுக்கு முன்னால் வரை வைத்தார். வெறும் பிரஷ்ஷால் கீழ்விளிம்பை மட்டும் கலைத்தார். மேல்விளிம்பைக் கலைத்தால் புருவத்தின் வெட்டு மங்கிவிடுமாம். க்ரீம் வைத்தால் இன்னும் இழைவாக இருக்காதா என்றேன். “ஏசி ரூம்ல வைக்கலாம். ஹோமத்து முன்னாடி உருகி மடிப்புல எறங்கிரும். அப்படியே வச்சாலும் பவுடருக்கு முன்னாடி வைக்கணும். மேல வச்சா பாளம் பாளமா வரும்.” கடைசியில் தன் மொபைலில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத வெள்ளை ஃப்ளாஷில் தெரிந்துவிடும். சிலிக்கா பவுடர் அதிகமானால் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். படத்தில் புருவத்தடி அமைதியாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், அறைக்குள் எனக்கும் அது கொஞ்சம் சப்பென்றுதான் பட்டது. ட்யூப்லைட்டில் ஒன்றும் போடாத மாதிரியே இருந்தது.

மேடையில்தான் காரணம் புரிந்தது. பெண் கூறைப்புடவை மாற்றிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். ஐயர் சொல்லச் சொல்லக் குனிந்து நெய் விட்டாள். உயரத்தில் இருக்கும் எல்.இ.டி. வெளிச்சம் குனிந்த நெற்றியோடு நின்றுபோனது; கண் பக்கம் வந்ததெல்லாம் கீழேயிருந்து எழுந்த தீயின் வெளிச்சம். குனியும்போது மேல்விளக்குக்கு நிழலாகிவிடும் புருவத்தடி, தீ முன்னால் நேராக வெளிச்சம் வாங்கும் இடமாகிவிடுகிறது. அங்கே நேற்றைய தங்க மினுக்கம் இருந்திருந்தால் தீ அசையும்போதெல்லாம் இரண்டு பட்டை பளிச் பளிச்சென்று அடித்திருக்கும். இப்போதோ கண்ணின் மையும் இமையின் செம்பும் மட்டும் துலங்கின. ரிசப்ஷனில் பெண் தலைநிமிர்ந்து நின்றபடி எதிர்விளக்கைப் பார்க்கிறாள். முகூர்த்தத்தில் உட்கார்ந்து தீயைப் பார்க்கிறாள். ஒரே பெண்ணுக்கு இரண்டு வேளையும் ஒரே ஹைலைட்டர் போடுகிறவர்கள் வெளிச்சத்தைப் பார்க்காமல் டப்பாவைப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

புகைக்குக் கண் கலங்கியது. அக்கா டிஷ்யூவோடு பக்கத்தில் போய், கண்ணின் உள்மூலையில் ஒற்றி எடுத்தார். துடைக்கவில்லை.

தாலி கட்டியானதும் மணப்பெண்ணின் தங்கை பந்திக்குப் போகாமல் பெட்டியருகே வந்து நின்றாள். முதல் நாள்தான் த்ரெட்டிங் செய்திருக்கிறாள், புருவத்தடி இன்னும் சிவப்பு. மேலிமை மடிந்து கண்ணின் மேல் சரியும் வாகு. தங்க டப்பாவைக் காட்டி, “எனக்கு இதுக்கா” என்றாள்.

“உனக்கு இது வேண்டாம்டா, இமை இன்னும் கனமாத் தெரியும்.” அக்கா மணப்பெண்ணுக்கு வைத்த பிரஷ்ஷைத் தனியாக ஒரு கவரில் போட்டுவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து வேறொன்றை எடுத்தார். ஊரில் மெட்ராஸ் ஐ இருக்கிறதாம். ஒரு கண்ணில் பட்டதை அடுத்த கண்ணுக்குக் கொண்டுபோவதில்லை. சிவந்த இடத்தைத் தொடாமல், இமையின் நடுவில் மட்டும் கொஞ்சம் செம்பு வைத்தார்.

“ராத்திரி கலைக்கும்போது அக்காகிட்டயும் சொல்லு. பஞ்சுல தேங்காயெண்ணெய் தொட்டு, கண்ணு மேல பத்து எண்ற வரைக்கும் அப்படியே வச்சிரு. தேய்க்காத. தானா வந்துரும்.”

அவள் தலையாட்டிக்கொண்டே கண்ணாடியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கீழே முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டதாக யாரோ கத்தினார்கள்.