ஓதம் எங்கிருந்து ஏறுகிறது?

காலனி வீடுகளுக்குப் போனால் நாங்கள் முதலில் பார்ப்பது சுவரின் அடிப்பகுதியை. முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கும். சுண்ணாம்பு பொரிந்து, உப்பு பூத்து, தொட்டால் பூச்சு உதிரும். சுவரோரம் பாய் விரிக்க முடியாது. ரேஷன் அரிசியைப் பலகை மேல்தான் வைக்க வேண்டும்.

"அடியில ஒரு வரி டைல்ஸ் ஒட்டீட்டாச் செரியாப் போயிருமுங்க" என்பார் மேஸ்திரி. ஒட்டினால் ஈரம் மறையும்; போகாது. மண்ணின் நீரைச் செங்கல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதற்கான பதில் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஊரின் மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு? ஊர்ச் சாக்கடை எங்கே வந்து முடிகிறது? தார்ச்சாலையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியதில் யார் வீட்டு வாசல் பள்ளமானது? பக்கத்து மதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு மேட்டுப்பாளையம் நடூர் உயிர்களால் விலை கொடுத்தது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, விடிய விடியப் பெய்த மழையில், சுமார் 20 அடி உயரக் கருங்கல் மதில் அருந்ததியர் வீடுகள் மேல் சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். அந்த மதிலைப் பற்றி மக்கள் முன்பே அஞ்சினார்கள், முறையிட்டார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தார்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள் மீது தடியடி நடந்தது; தமிழ்ப் புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் உள்ளிட்டோர் கைதானார்கள். மழைதான் கொன்றது என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பத்தொன்பதிலும் மழை எல்லோர் வீட்டின் மேலும்தான் பெய்தது.

தோழர்களே, கணக்கெடுப்புக்குப் போகும்போது உங்கள் படிவத்தில் சுவரையும் சேருங்கள். ஓதம் எத்தனை அடி ஏறியிருக்கிறது? பக்கத்து மதில் எவ்வளவு உயரம்? அதன் பின்னால் மண் நிரப்பியிருக்கிறார்களா? நீர் வடியத் துளைகள் உண்டா? மதில் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா? நனைந்த மண் எடை கூடி மதிலைத் தள்ளும். தேதி தெரியும்படி படம் எடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.