குரல் போச்சு... பசி வந்துச்சு!

மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவனிடம் ஊர் உலகம் கேட்கும் முதல் கேள்வி, "இப்ப தேவலையா?" இரண்டாவது, "என்னப்பா, இப்படி ஊதிட்டே?"

முதல் கேள்விக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வேன். ஃபேன் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு என்னைத் திட்டித் தீர்த்த குரல்கள், ஓலன்ஸபின் மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் அடங்கிவிட்டன. மறுபடி ஆபீஸ், ஃபைல், மேனேஜரின் சிடுசிடுப்பு... அத்தனையும் தேவாமிர்தம்!

இரண்டாவது கேள்விதான் சிக்கல். குரல் காலி செய்த இடத்தில் பசி குடிவந்துவிட்டது! காலையில் எட்டு இட்லி. பத்து மணிக்கு கான்டீன் வடை. மூன்று மணிக்குப் பக்கத்து சீட்டுக்காரரின் டிபன் பாக்ஸ் மீது சபலம். ஆறே மாதத்தில் பன்னிரண்டு கிலோ. பெல்ட்டின் கடைசி ஓட்டையும் கைவிரித்துவிட்டது.

"வாயைக் கட்டுய்யா" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். டாக்டர் வேறு மாதிரி சொன்னார்: "உங்க நாக்கைத் திட்டாதீங்க. இந்த மாத்திரை மூளையில ஹிஸ்டமின், செரடோனின் வேலை செய்யற சில இடங்களையும் அடைச்சிடுது. 'போதும்'னு அடிக்க வேண்டிய மணி சரியா அடிக்கிறதில்லே."

எல்லா மாத்திரையும் ஒரே ரகமில்லையாம். எடை கூட்டுவதில் க்ளோஸபினும் ஓலன்ஸபினும் முன்வரிசை. ரிஸ்பெரிடோன் நடுவரிசை. அரிபிப்ரஸோல் கடைசி பெஞ்ச். தொப்பையோடு போனால் பரவாயில்லை. சர்க்கரை, கெட்ட கொழுப்பு என்று சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

இங்கே சிரிப்பு நின்றுவிடும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலும் இதயநோய் போன்ற உடம்புக் கோளாறுகளால்தான். பழியெல்லாம் மாத்திரைக்கு மட்டுமல்ல. சிகரெட், உட்கார்ந்தே கிடப்பது, 'மனசுக்குத்தானே வைத்தியம்' என்று உடம்பை யாருமே கவனிக்காதது... எல்லாமாகச் சேர்ந்துதான்.

"அந்தச் சனியனை நிறுத்திடு மாப்ளே!" - இது மாமா.

நிறுத்தினால் குரல்கள் பெட்டி படுக்கையோடு திரும்பி வரும் அபாயம் உண்டு. எனக்கு இரண்டு உயிர் பயம். ஒன்று மனசுக்கு, ஒன்று உடம்புக்கு.

டாக்டர் டேப்பை எடுத்தார். நம் நாட்டு ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80... அதைத் தாண்டினால் உஷார். எனக்கு 98! வெறும் வயிற்றில் சர்க்கரை 118. வியாதி இல்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறது.

அமெரிக்காவில் நீரிழிவு, மனநல டாக்டர்களின் சங்கங்கள் சேர்ந்து 2004-லேயே ஒரு அட்டவணை போட்டிருக்கின்றன. மாத்திரை ஆரம்பிக்கும்போதே எடை, வயிற்றுச் சுற்றளவு, பி.பி., சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். எடையை 4, 8, 12-வது வாரங்களில் மறுபடி. பி.பி., ரத்தப் பரிசோதனை 12-வது வாரத்தில் மறுபடி. மிஷின், மந்திரம் ஒன்றும் வேண்டாம். ஒரு டேப், ஒரு தராசு, கொஞ்சம் ரத்தம்!

டாக்டர் மெட்ஃபார்மின் சேர்த்தார். பழைய மாத்திரையை மெள்ளக் குறைத்து, வேறொன்றை மெள்ளக் கூட்டினார். தினம் இரண்டு பஸ் ஸ்டாப் தூரம் நடக்கிறேன். நாலு கிலோ இறங்கியிருக்கிறது. குரல்கள் இதுவரை திரும்பவில்லை.

இப்போது என் டிராயரில் ஒரு டெய்லர் டேப் இருக்கிறது. போன வாரம் பக்கத்து சீட்டுக்காரர் ஆசைப்பட்டு அளந்து பார்த்தார்.

102!

அன்றைக்கு வடை வாங்க அவர் எழுந்திருக்கவே இல்லை.