கண்ணுக்கும் ஓய்வு வேண்டும்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் நாம் ஒரு பணியைத் தொடங்கினோம். நமது பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் செல்லரித்து வருவதைக் கண்டு, அவற்றைக் கணினியில் ஏற்றிவைக்க எண்ணினோம். பகலெல்லாம் இல்லச் சந்திப்பும் நோயாளர் சந்திப்பும் இருந்தமையால், இரவு எட்டு மணிக்குமேல்தான் திரைமுன் அமர இயன்றது. நள்ளிரவுவரை இமை கொட்டாது உழைப்பதைப் பெருமையாகவும் கருதினோம்.

ஒரு மாதத்திற்குள் கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், தலைவலி, எழுத்து மங்கல். பொருட்படுத்தினோமில்லை. ஒரு பெண்ணின் பிறந்த ஆண்டு 1993 என்பதை 1998 எனப் பதிந்து, சான்றிதழும் கொடுத்துவிட்டோம். வெளியூர்ப் பங்கில் திருமண ஓலை வாசிக்க இருந்த வேளையில் பிழை வெளிப்பட்டது. அவளுடைய தந்தை வெயிலில் அலைந்து திரும்பி வந்து நின்றபோதுதான் நமக்கு உறைத்தது.

அந்நாள்களிலேயே நமக்கு வலப்புற விலாவின்கீழ் வலி கண்டது. ஓரிடத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கை, பித்தப்பையில் ஐயத்திற்குரிய வளர்ச்சி என்றது. அதைச் செபப்புத்தகத்துள் மறைத்துவைத்துப் பதினைந்து நாள் எவரிடமும் சொல்லாது திரிந்தோம். பிறர் படுக்கையருகே ஆறுதல் கூறிப் பழகிய நமக்கு, நமக்கென ஓர் ஆறுதல்மொழி கிட்டவில்லை.

இறுதியில் நமது பங்கைச் சார்ந்த ஸ்கேன் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். வெறும் வயிற்றோடு படுத்திருந்தோம். பாதியில் அவர் கருவியை வைத்துவிட்டு எழுந்தார். "சாமி, ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து இந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். களைத்த கண்ணோடு உங்களுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது" என்று கூறி, வெளியே வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றார். நமக்குச் சினமே மூண்டது.

திரும்பி வந்தவர் பொறுமையாக விளக்கினார். நம் செவிக்கெட்டாத ஒலி உடலுள் சென்று, எதிரொலியாய்த் திரும்பிப் படமாகிறது. இடையில் காற்று இருந்தால் ஒலி உட்செல்லாது; அதற்கே ஜெல் தடவுகின்றனர். எண்ணற்ற சிற்றெதிரொலிகள் ஒன்றோடொன்று கலப்பதால், படத்தில் உப்பும் மிளகும் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். களைத்த கண் அவற்றில் இல்லாததைக் காணும், இருப்பதைத் தவறவிடும். அதிர்வெண்ணைக் கூட்டினால் படம் நுட்பமாகும், ஆனால் ஆழம் குறையும். எனவே அதிர்வெண்ணை மாற்றியும், பல கோணங்களில் கருவியைச் சாய்த்தும் பார்த்தார். பின்னர் நம்மை இடப்புறமாய்த் திரும்பிப் படுக்கச் செய்தார். ஐயத்திற்குரிய அப்புள்ளி உருண்டு இடம் மாறிற்று! அதன் பின்னே கருநிழலும் விழுந்தது. சுவரில் ஒட்டிய வளர்ச்சியாயின் அவ்வாறு உருளாது. "கல்தான் சாமி" என்றார். பின்னர் அறுவைச் சிகிச்சையில் அக்கல் அகற்றப்பட்டது.

1958ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்டு என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் இத்தகைய படங்களை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். உலோகத்தில் விரிசல் தேடும் கருவியிலிருந்தே அம்முயற்சி பிறந்தது. அன்றைய படத்தினும் இன்றைய படம் பன்மடங்கு தெளிவு. ஆயினும் அதைப் பார்ப்பது மனிதக் கண்ணே.

அன்று அம்மருத்துவர் நமக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறோம். இயல்பாக நிமிடத்திற்குப் பதினைந்து முறையளவில் கொட்டும் இமை, திரையை உற்று நோக்குகையில் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ கொட்டுகிறது. கண்ணீர்ப் படலம் உலர்ந்துபோகிறது. ஆகவே 20 நிமிடத்திற்கொரு முறை, 20 அடிக்கு அப்பாலுள்ளதை 20 நொடி பாருங்கள். திரை ஒரு கை நீளத்தில், கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். நாற்பதைக் கடந்தோர் அத்தொலைவுக்கேற்ற கண்ணாடி அணிதல் நலம். வலியோ சிவப்போ நீடித்தால் மருத்துவரை நாடுங்கள்.

அப்பெண்ணின் தந்தையை அவர் இல்லத்திற்கே சென்று கண்டு மன்னிப்புக் கேட்டோம். இப்போது இரவு ஒன்பதுக்குக் கணினியை அணைத்துவிடுகிறோம். இரவில் பதிந்ததைக் காலையில் உபதேசியார் உரக்க வாசிக்க, ஏட்டோடு ஒப்பிட்ட பின்னரே ஒப்பமிடுகிறோம். வேலை மெல்லத்தான் நகர்கிறது. பரவாயில்லை.