வைரஸ் எந்த மொழியில் பேசும்?

குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் முப்படை அதிகாரிகளுக்கான பணியாளர் கல்லூரி இருப்பது ஊட்டிப் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1947-ல் நாடு பிரிந்தபோது, குவெட்டாவில் இருந்த கல்லூரியின் இந்தியப் பங்குதான் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. (மறு பங்கு இன்னும் குவெட்டாவில் பாகிஸ்தான் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது!) இப்படிப்பட்ட ராணுவ வட்டாரத்தில் இருப்பவர்கள் மின்னஞ்சலில் வரும் ஒரு சாதாரண இணைப்பைக்கூட யோசித்துத்தான் திறக்க வேண்டும். காரணம், 'டிரான்ஸ்பரன்ட் டிரைப்'.

பாகிஸ்தானிலிருந்து இயங்குவதாக ஆய்வாளர்கள் கருதும் உளவுக் குழு இது. சவூதி அரேபியா, கஜகஸ்தான் ஆகிய நாடுகளில் இருந்த இந்தியத் தூதரகங்களைக் குறிவைத்தது 2016-ல் அம்பலமானது. அதன் பழைய ஆயுதத்தின் பெயர் கிரிம்சன். டாட்நெட்டில் எழுதப்பட்டது.

அங்கேதான் ஆய்வாளர்களுக்கு ஒரு வசதி. டாட்நெட் நிரல் கம்பைல் ஆன பிறகும் முழு இயந்திர மொழியாகிவிடுவதில்லை, ஓர் இடைநிலை மொழியில் நிற்கிறது. ஃபங்ஷன்களின் பெயர்கள்கூட உள்ளேயே கிடக்கும். எழுதியவர் வேண்டுமென்றே குழப்பி வைக்காவிட்டால், 'ஐஎல்ஸ்பை' போன்ற இலவசக் கருவியில் திறந்தால் போதும், கிட்டத்தட்ட மூல நிரலே கண்முன் நிற்கும். ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளக்கூட வேண்டாம்.

2024 மே மாதம் பிளாக்பெர்ரி நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் அதே குழு பைதான், கோ, ரஸ்ட் மொழிகளில் எழுதிக்கொண்டிருந்தது. இந்திய அரசு, பாதுகாப்பு, விண்வெளித் துறைகள்தான் இலக்கு. லினக்ஸில் ஓடும் கோப்புகளும் இருந்தன. ஏன் லினக்ஸ்? நம் அரசு அலுவலகங்கள் பயன்படுத்தும் 'பாஸ்' லினக்ஸ் சென்னை சி-டாக்கில் உருவானது. இந்த மொழிகளில் ஒரே மூல நிரலை விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் சுலபமாகக் கம்பைல் செய்துகொள்ளலாம்.

இதில் கோ மொழி தரும் தலைவலி தனி ரகம். சி-யில் வெறும் வணக்கம் சொல்லும் நிரல் சில கிலோபைட்தான். கோ-வில் அதே நிரல் ஒரு எம்பியைத் தாண்டும், ஏனென்றால் மொழியின் மொத்த ரன்டைமும் உள்ளே ஏறிவிடுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஃபங்ஷன்களில் திருடன் எழுதியது எது? சி-யில் ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு பூஜ்யத்தில் முடியும், கோ-வில் முடியாது. எல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்கும், நீளம் வேறெங்கோ இருக்கும். சி-யைப் பார்த்தே வளர்ந்த கருவிகள் விழித்தன.

1935-ல் நீலகிரிக்கு வந்த மொழியியலாளர் எமனோ ஞாபகம் வருகிறார். தோடருக்கும் கோத்தருக்கும் எழுத்து கிடையாது. பேசக் கேட்டே இலக்கணத்தைப் பிரித்தெடுத்தார். ஆனால் அவருக்குப் பேசிக் காட்ட ஆட்கள் இருந்தார்கள். ஆய்வாளருக்கு வாய்ப்பது வெறும் பைட்டுகள்.

ஆன்டிவைரஸ் பாடு இன்னும் பரிதாபம். தெரிந்த பைட் வரிசையைத் தேடும் முறைக்கு, அதே வேலையை வேறு மொழியில் எழுதினால் கோப்பு புத்தம் புதிது. சரி, கோ-வில் எழுதிய எல்லாவற்றையும் சந்தேகப்படலாமா? அதுவும் நடக்கிறது! கம்பைல் செய்த நிரலை வைரஸ் என்று ஆன்டிவைரஸ் சொன்னால் அது பெரும்பாலும் தவறான எச்சரிக்கைதான் என்று கோ மொழியின் அதிகாரபூர்வ கேள்வி-பதில் பக்கமே சொல்கிறது. கல்லூரி புராஜெக்டை கோ-வில் எழுதி, செமினார் அன்று அது தானாகவே அழிக்கப்பட்டுவிட்டால் எந்த வாத்தியார் நம்புவார்?

ஆனாலும் மொழி மாற்றம் திருடனுக்கு அவகாசம் வாங்கித் தருகிறதே தவிர, கவசம் ஆகாது. பெயர்களை நீக்கிக் கம்பைல் செய்தாலும் கோ கோப்புக்குள் ஃபங்ஷன் பெயர் அட்டவணை ஒன்று தங்கிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு பாதி வேலையை முடிக்கலாம். அமெரிக்க என்எஸ்ஏ 2019-ல் இலவசமாக வெளியிட்ட கிட்ராவுக்கும் இப்போது கோ புரிகிறது. ரஸ்ட் இன்னும் கொஞ்சம் படுத்தும்.

தவிர, எந்த மொழியில் எழுதினாலும் உளவு மென்பொருள் கோப்பைத் திறக்க வேண்டும், வெளியே அனுப்ப வேண்டும். அங்கே கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பார்த்தால், டிரான்ஸ்பரன்ட் டிரைப் அதற்குப் பயன்படுத்தியவை டெலிகிராமும் டிஸ்கார்டும் கூகுள் டிரைவும்.