அடைபொருளும் அனலும்

கண்டி மலைப்புறத்தில் மின்பொறியியலாளரின் முதற் பகை மழையே. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் சுரங்கவழி சென்று 1976இல் உக்குவளையில் மின்னாயிற்று. 1985இல் கொத்மலையின் நிலத்தடி மின்நிலையமும் இயங்கலாயிற்று. இத்தகைய நிலையங்களில், உயர் அழுத்த ஆளிப்பெட்டியின் கதவோரத்து இறப்பர்ப் பட்டியும், வடம் நுழையும் துவாரத்தை அடைக்கும் பொருளும் நீரையும் பல்லியையும் எலியையும் தடுத்தாற் போதுமென எண்ணுவது எளிது. விடியற் குளிரில் பெட்டியினுள்ளே படியும் ஈரம் அற்பமானதன்று. காவலியின் மேற்பரப்பில் ஓட்டம் கசிந்து கரிக்கோடு கீறும். அக்கோடே பின்னர்த் தீப்பொறிக்கு வழியாகும். ஆகவே அடைப்பது தவறன்று. எதனால் அடைப்பது என்பதே வினா.

இவ்வினாவுக்கு அமெரிக்காவின் அலபாமாவிலே கிடைத்த விடை கொடியது. 1975 மார்ச் 22இல் பிரவுன்ஸ் பெரி அணுமின்நிலையத்தில், வடத் துவாரத்து அடைப்பில் காற்றுக் கசிகின்றதா என அறிய ஊழியர் மெழுகுவர்த்திச் சுடரைப் பிடித்தனர். (சோதனைக்கு இதைவிடப் பொருந்தாத கருவியைக் கண்டுபிடித்தல் அரிது.) காற்றோட்டம் சுடரை உள்ளிழுத்தது, பொலியூரிதேன் நுரை பற்றிக்கொண்டது. ஏறத்தாழ 7 மணிநேரம் எரிந்த தீயில் 1,600க்கு மேற்பட்ட வடங்கள் பழுதாயின. தீயைத் தடுக்கவேண்டிய அடைப்பே அதற்கு இரையாயிற்று.

எரிய மறுப்பதொன்றே தகுதியுமன்று. குளோரோபிரீன் இறப்பர் எளிதிற் பற்றாது. பற்றினாலோ ஐதரசன் குளோரைட்டுப் புகையைக் கக்கி மூச்சையும் உலோகத் தொடுகைகளையும் அரிக்கும். சிலிக்கோன் எரிந்தாலும் மின்கடத்தாத சிலிக்காச் சாம்பலையே பெரும்பாலும் விட்டுச்செல்லும். வடத்தின் உறை எரிந்து இடைவெளி திறக்கும்போது, வெப்பத்தால் வீங்கி அதனை மூடும் பொருள்களும் உள. 960 பாகை செல்சியசிற் செஞ்சூடாக்கிய கம்பியை 30 செக்கன் தொடவைத்து, அகற்றிய பின் 30 செக்கனுள் சுடர் அணைகின்றதா எனப் பார்ப்பது ஒரு சோதனை. மின்வில்லின் முன் எந்த அடைபொருளும் நெடுநேரம் நில்லாது; காப்புச் சாதனம் ஓட்டத்தைத் துண்டிக்கும்வரை நின்றாற் போதும்.

நிலத்தடியில் அச்சிறுபொழுதின் பெறுமதி வேறு. 2020 ஓகஸ்ற் 20ஆந் திகதி இரவு, தெலங்கானாவின் ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி மின்நிலையத்தில் எழுந்த தீயில், புகை சூழ்ந்து வெளியேற இயலாது 9 பேர் மாண்டனர். அதனை அடைபொருளின் குற்றமெனக் கூறுவதற்கில்லை. கொத்மலை போன்ற குகைக்குள் ஒவ்வொரு துவாரமும் புகைக்கு ஒரு வாயில் என்பதற்கே அது சான்று. புதிய வடம் இழுப்பதற்காகப் பழைய அடைப்பை உடைக்கும் நாளில், அன்று மாலை அதனை எதனால், எவர் மீள மூடுவது என்பதையும் வேலைப்பத்திரத்தில் எழுதிவிட்டால், ஊழியர் கைக்கெட்டிய பழந்துணியை நாடமாட்டார்.