பலகையில் இல்லாத பெயர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளாதாரம்)

எங்கள் ஊர் விஸ்வநத்தம். சிவகாசி நகரை ஒட்டிக் கிடக்கும் ஊர். ஒருபுறம் அச்சகங்கள், மறுபுறம் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும். ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் காலண்டர் வேலை சூடு பிடிக்கும். தீபாவளி நெருங்க நெருங்கப் பட்டாசு வேலைக்கு ஆள் போதாது. ஊரே ஓய்வின்றி உழைக்கும் அந்த மாதங்களில்தான் கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்தாட்டப் போட்டிகளும் வந்து சேரும். அந்த உழைப்புக்கும் இந்த ஆட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்ட ஒரு பெயரைப் பற்றித்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலில் என் கதை. முதலாண்டில் சேர்ந்த புதிதில் தேர்வு ஆட்டத்துக்குப் போனேன். நன்றாக ஆடினேன் என்றே நினைத்தேன். நண்பர்களும் அப்படியே சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் 18 பெயர்கள் ஒட்டப்பட்டிருந்தன. மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தேன். என் பெயர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்க அச்சம். கேட்டாலும் யாரிடம் கேட்பது? தோற்றுப் போனால்கூட எதிரணி போட்ட கோலைக் காட்டி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். பலகையில் இல்லாத பெயருக்கு எதைக் காட்டுவது?

அது 2023ஆம் ஆண்டு. நாட்டின் கால்பந்தாட்ட அணியும் அப்போது ஏறக்குறைய என் நிலையில்தான் இருந்தது. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடக்கவிருந்தன. குழு ஆட்டங்களில் ஆசியத் தரவரிசையில் முதல் 8 இடங்களுக்குள் உள்ள அணிகளையே அனுப்புவது என்பது மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் விதி. நம் அணியோ 18ஆம் இடத்தில் இருந்தது. பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் பிரதமருக்கே வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தார். ஜூலை மாத இறுதியில் விதி தளர்த்தப்பட்டு, ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது.

ஆனால் 2018ஆம் ஆண்டில் அப்படி நடக்கவில்லை. அவ்வாண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டிகளுக்கு, இதே 8 என்ற எண்ணைக் காட்டி, கால்பந்தாட்ட அணியை அனுப்ப இந்திய ஒலிம்பிக் சங்கம் மறுத்துவிட்டது. அப்போது நாம் ஆசியாவில் 14ஆம் இடம். விந்தை என்னவென்றால், 1962இல் சுனி கோஸ்வாமி தலைமையில் தென்கொரியாவை 2-1 என்று வென்று நம்மவர்கள் தங்கப் பதக்கம் பெற்றதும் அதே ஜகார்த்தா நகரில்தான்! இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆசியப் போட்டியில் ஆடுவது 23 வயதுக்கு உட்பட்டோர் அணி. வயது கடந்தவர் மூவருக்கு மட்டுமே இடம். தரவரிசையோ மூத்தோர் அணியைப் பார்த்துப் போடப்படுவது. அண்ணன் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துத் தம்பிக்கு இடமில்லை என்று சொன்னதைப் போன்றது அது.

2023இல் அனுமதி கிடைத்துப் போன ஆண்கள் அணி முதல் ஆட்டத்தில் சீனாவிடம் 1-5 என்று தோற்றது. பிறகு வங்கதேசத்தை 1-0 என்று வென்று, மியான்மருடன் 1-1 என்று சமன் செய்து, கடைசி 16 அணிகளுள் ஒன்றாக முன்னேறியது. அங்கே சவூதி அரேபியாவிடம் 0-2 என்று தோற்றுத் திரும்பியது. பதக்கம் இல்லை. ஆயினும் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் புல்தரையில் தெரிந்துகொண்டு வந்தார்கள். 2018இல் இருந்த இளைஞர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. 'அறைக்குள் உட்கார்ந்து ஆட்டத்தை முடித்துவிடுகிறார்களே' என்று விடுதி நண்பர்களிடம் நான் பொரிந்து தள்ளியது இன்றும் நினைவிருக்கிறது. யாரை நினைத்துப் பொரிந்தேன் என்பது அவர்களுக்கும் தெரியும்.

காலம் சுழன்றது. இரண்டாமாண்டில் அணியில் இடம் பெற்றேன்; மூன்றாமாண்டில் அணித் தலைவன் ஆனேன். உடற்கல்வி இயக்குநர் என்னை அழைத்து, "பட்டியலை நாம் இருவரும் சேர்ந்தே போடுவோம்" என்றார். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

17 பெயர்கள் எளிதாக அமைந்துவிட்டன. பதினெட்டாவது இடத்துக்கு இருவர். ஒருவன் எங்கள் ஊர்க்காரன். எனக்கு ஓராண்டு இளையவன். வறண்ட கண்மாயில் செருப்பை வைத்துக் கோல் அமைத்து ஆடிய நாளிலிருந்து என்னோடு ஆடியவன். இடது காலால் அவன் அடிக்கும் பந்தை எங்கள் ஊரில் தடுத்தவர் குறைவு. ஆனால் காலை நேரப் பயிற்சிக்கு அவன் பாதி நாள் வருவதில்லை. அச்சகத்தில் இரவு வேலை. காலண்டருக்குத் தகரப் பட்டி அடித்துவிட்டு விடியற்காலையில்தான் வீடு திரும்புவான். மற்றவன் ஆட்டத்தில் சற்றுக் குறைந்தவன்; ஆனால் ஒரு நாளும் பயிற்சிக்குத் தவறாதவன்.

இயக்குநர் என் முகத்தைப் பார்த்தார். "பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவனையே போடுவோம் சார்" என்றேன். நானே சொன்னேன். ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு வந்துவிடக்கூடாதே என்ற எண்ணமும் உள்ளே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் பலகையின் முன்னே அவன் நின்றதைத் தூரத்திலிருந்து கண்டேன். மேலிருந்து கீழாக ஒரு முறை. கீழிருந்து மேலாக ஒரு முறை. அன்று மாலை ஊருக்குப் போகும் பேருந்தில் என் அருகில் வந்து உட்கார்ந்தான். வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டான்.

"அண்ணே, ஆட்டத்துல நான் என்ன கொறஞ்சேன்? அத மட்டும் சொல்லுங்க."

"ஆட்டத்துல கொறையில்லடா. நீ பயிற்சிக்குச் சரியா வரலைல."

"வராட்டி சேக்க மாட்டோம்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மொதலாளி கால்ல விழுந்தாவது பகல் வேலைக்கு மாறியிருப்பேனே அண்ணே."

என்னிடம் மறுமொழி இல்லை. பயிற்சிக்கு வருகை ஓர் அளவுகோல் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பட்டியல் போடும் வேளையில், இருவரில் ஒருவரை விலக்க வேண்டி வந்தபோது, அந்த நிமிடத்தில் பிறந்த விதி அது!

எங்கள் அணி இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றது. அவன் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது; அதுதான் வேதனை.

இதை ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரிடம் மனம் விட்டுச் சொன்னபோது, அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னார். அங்கே பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு வகைக் கால்பந்தாட்டம். அதைப் பல்கலைக்கழக அணிகள் ஆடுகின்றன. 2023 வரை, இறுதிச் சுற்றுக்கு 4 அணிகளை 13 பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டு புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றிருந்தது. ஆயினும் அதன் முதன்மை ஆட்டக்காரர் கால் முறிந்து விலகியதால் அணி வலுவிழந்துவிட்டது என்று கருதிய குழு, அதை ஐந்தாம் இடத்தில் வைத்தது. ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமா அணி நான்காவதாக உள்ளே போயிற்று. தோல்வியே காணாத அணி வெளியே. தோல்வி கண்ட அணி உள்ளே! பின்னர் வேறொரு போட்டியில் ஜார்ஜியா அணியிடம் புளோரிடா 3-63 என்று தோற்றபோது, 'குழு சொன்னது சரிதானே' என்றார்கள் சிலர். 'மனமுடைந்து பலர் ஆடவே வராத அணியை வைத்து எதை நிறுவுவது?' என்றார்கள் வேறு சிலர். அடுத்த ஆண்டு முதல் 12 அணிகளுக்கு இடம் தரப்பட்டது. ஆனாலும் குழு இருக்கிறது. ஆகவே பதின்மூன்றாம் இடத்தில் நிற்பவரின் கேள்வியும் இருக்கத்தான் செய்யும்.

அப்படியானால் தேர்வுக் குழுவே கூடாதா? அப்படிச் சொல்வதற்கில்லை. எல்லாரையும் எல்லாரோடும் ஆட வைத்துப் பார்க்க நாளும் இல்லை, பணமும் இல்லை. யாரேனும் உட்கார்ந்து ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கோட்டை எப்போது போடுகிறோம் என்பதில் இருக்கிறது நியாயம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருப்பதை வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறோம். ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையை கி.பி. 921இல் கல்லில் வெட்டினார்கள். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஊரார் கூடியிருக்க ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். அந்தத் தகுதிகள் ஏழை எளியோரை வெளியே நிறுத்தியவை என்பது உண்மை. அதைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் வெளியே நின்றவனுக்கும், தான் ஏன் வெளியே நிற்கிறோம் என்பது சுவரில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் அறிவிப்புப் பலகையில் அதுகூட இல்லையே!

அச்சுத் தொழிலில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. லேபிள் ஆனாலும் கல்யாணப் பத்திரிகை ஆனாலும், புரூஃப் எடுத்துக் காட்டி, பார்ட்டி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அச்சேற்றுவார்கள். ஆயிரக்கணக்கில் அடித்து முடித்தபின் பிழை கண்டு என்ன பயன்? தேர்வு விதியும் அப்படித்தான். ஆடுபவன் கண்ணில் முதலில் பட வேண்டும். பட்டியலோடு சேர்ந்து பிறக்கும் விதி, விதியன்று, சாக்கு.

கல்லூரியை விட்டுப் போகுமுன் இயக்குநரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "எழுதிக்கொண்டு வா" என்றார். ஒரு தாளில் எழுதினேன்: எத்தனை நாள் பயிற்சி, என்னென்ன பார்ப்போம், விலக்கப்பட்டவன் யாரிடம் காரணம் கேட்கலாம். கொடுக்குமுன் அந்தத் தாளை அவனிடம்தான் முதலில் காட்டினேன். படித்துவிட்டுப் பேனாவை வாங்கி, "வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலைப் பயிற்சியும் கணக்கில் சேரும்" என்று ஒரு வரி சேர்த்தான். அந்த வரி எனக்குத் தோன்றவே இல்லை!

வரும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அந்தத் தாள் பலகையில் ஒட்டப்படும் என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார். அதன்பின் வரும் பட்டியலில் அவன் பெயர் இருக்குமா, இராதா என்பதை அவன் கால்கள் சொல்லட்டும். இல்லாமற் போனாலும், எதனால் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். அணித் தலைவனாக இருந்தபோது நான் அவனுக்குத் தரத் தவறிய கடன் அது.