சொட்ட வேண்டிய கிளாண்டு

பாய்லர் வேலைக்குப் போகிறேன் என்றதும் வத்தல்மலையில் எல்லோரும் நெருப்பைப் பற்றித்தான் விசாரித்தார்கள். "அந்தச் சூட்டைத் தாங்குவியாடா?" என்று அத்தை கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு ஒரு சர்க்கரை ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த எனக்கும் அது தோன்றவில்லை.

மலையில் எங்களுக்குக் காப்பியும் மிளகும் சாமையும். கீழே இறங்கினால் கரும்பு. தருமபுரி மாவட்டத்தில் மட்டும் பாலக்கோட்டில் ஒன்று, அரூர் பக்கம் கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா பெயரில் ஒன்று என இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். சர்க்கரை ஆலையின் உயிர் நீராவி. கரும்புச் சக்கையை எரித்து எடுக்கும் அந்த ஆவிதான் டர்பைனைச் சுற்றுகிறது, சாற்றையும் காய்ச்சுகிறது. ஆனால் மேஸ்திரி என்னைச் சக்கை எரிகிற பக்கம் விடவே இல்லை. நேராக, பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீடு பம்ப் மேடைக்குக் கூட்டிப் போனார். "பாய்லருக்குச் சோறு ஊட்டுற இடம் இது. இதைக் கத்துக்க, மத்தது தானா வரும்" என்றார்.

அவர் முதலில் கற்றுத் தந்தது கிளாண்டு பேக்கிங். பம்ப்பின் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் தண்ணீர் பீறிடாமலிருக்கக் கயிறுபோல் பின்னிய பேக்கிங்கை வளையங்களாக வெட்டி அடுக்குவார்கள். ஷாஃப்ட் அளவுக் குழாய்த் துண்டில் சுற்றி, கூரான கத்தியால் சாய்வாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் மூட்டும் முந்தைய மூட்டுக்கு நேராக வந்துவிடாமல் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும்; நேராக வந்தால் தண்ணீருக்கு அதுவே வழி. நட்டைக் கையால் திருகிவிட்டு, பம்ப் ஓடத் தொடங்கியபின் இரு பக்கமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பேனரால் முறுக்குவார். எல்லாக் கசிவையும் நிறுத்திவிடுவார் என்று பார்த்தால், நிறுத்தவில்லை. துளித் துளியாகச் சொட்டும் நிலையில் ஸ்பேனரை எடுத்துவிட்டார். "ஏண்ணே, இன்னும் சொட்டுதே?" என்றேன். "சொட்டணும். அந்தத் தண்ணிதான் பேக்கிங்குக்கு எண்ணெய். சுத்தமா அடைச்சா கருகி, ஷாஃப்ட் மேல இருக்கிற ஸ்லீவை அறுத்துடும்." வெளியாள் பார்த்தால் பழுது என்று சொல்லக்கூடிய ஒன்று இங்கே ஆரோக்கியத்தின் அடையாளம். சொட்டு ஒழுகலாக மாறும் நாளைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. அதற்காகவே ஒவ்வொரு ஷிஃப்டிலும் கிளாண்டைப் பார்த்து நோட்டில் எழுதுகிறோம்.

பம்ப்புக்கு மேலே, நல்ல உயரத்தில், டீஏரேட்டர் தொட்டி. அவ்வளவு உயரத்தில் ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைத்தபோது எனக்கு நிஜமான சந்தோஷம். தொட்டியில் தண்ணீர் சுமார் 105 டிகிரி சூட்டில், கொதிநிலையிலேயே நிற்கிறது. பம்ப்பின் வாயில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் அங்கேயே ஆவியாகிவிடும். உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் எடைதான் அதைத் தண்ணீராகவே பிடித்து வைக்கிறது. சக்‌ஷன் பக்கத்து ஸ்ட்ரெய்னரில் துருவும் செதிலும் அடைத்தால் அந்த அழுத்தம் போச்சு. ஆவிக்குமிழிகள் பம்ப்பின் சுழல்சக்கரமான இம்பெல்லரில் வெடித்து, தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கினாற்போல் சத்தம் கேட்கும். சில நாளில் இம்பெல்லர் அரித்துப் போகும். கேஜில் சக்‌ஷன் அழுத்தம் இறங்கத் தொடங்கும்போதே ஸ்டாண்ட்-பை பம்ப்பை ஓட்டிவிட்டு ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவினால் இது எதுவும் நடக்காது.

டீஏரேட்டரின் உச்சியில் ஒரு வென்ட். அதிலிருந்து சன்னமாக ஆவி வந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆவி வீணாகிறதே என்று வென்ட்டை மூடினால் ஆக்சிஜன் பாய்லர் குழாயில் குழி குழியாகத் துளைக்கும்.

தருமபுரித் தண்ணீர் என்றால் ஃப்ளோரைடு என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. பாய்லருக்கோ அதைவிடப் பெரிய கவலை சுண்ணாம்பும் மெக்னீசியமும், அதாவது கடினத்தன்மை. எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் நான் பார்த்திராத வெள்ளைப் படிவு கீழே எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதே படிவு குழாய்க்குள் ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாய் இரும்பிலேயே தங்கி, இரும்பு உப்பி வெடிக்கும். அதனால் போர் தண்ணீர் சாஃப்ட்னர் வழியாகத்தான் வரும். மாதிரியில் சாயம் விட்டுப் பார்ப்போம்: நீலம் என்றால் சரி, ஒயின் சிவப்பு என்றால் சாஃப்ட்னரில் உள்ள ரெசினுக்கு உப்புக் கரைசல் ஏற்றி மீட்க வேண்டும்.

சர்க்கரை ஆலைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அரவை சூடுபிடித்ததும் பாய்லருக்குப் பெரும்பகுதி தண்ணீர், சாற்றைக் காய்ச்சும் எவாப்பரேட்டரில் ஆவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பி வரும் கண்டென்சேட்தான். அங்கே ஒரு குழாய் ஓட்டையானாலும் சாறு கலந்துவிடும். பாய்லருக்குள் போன சர்க்கரை சிதைந்து அமிலமாகிறது, தண்ணீர் நுரைக்கிறது, நுரை ஆவியோடு டர்பைன்வரை போகிறது. இதைப் பிடிப்பது ஆல்ஃபா நாஃப்தால் சோதனை. டெஸ்ட் ட்யூபில் கொஞ்சம் கண்டென்சேட், சில துளி நாஃப்தால் கரைசல், பிறகு ட்யூபைச் சாய்த்து அதன் சுவரோரமாகக் கந்தக அமிலத்தை மெல்ல இறக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் தோன்றினால் சர்க்கரை. உடனே அந்தக் கண்டென்சேட்டை வடிகாலுக்குத் திருப்பிவிட்டு, சாஃப்ட் வாட்டருக்கு மாற வேண்டும். அரவை முழுக்க, மணிக்கொருமுறை, நள்ளிரவு ஷிஃப்டிலும் தவறாமல் பார்க்க வேண்டிய சோதனை இது. என் கணக்கில் பாய்லர் ஹவுஸில் இதைவிட முக்கியமான வேலை இல்லை.

இந்த நாட்டில் பாய்லர் சட்டமே ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1863-ல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். மறு ஆண்டே வங்காளத்தில் பாய்லர்களைப் பரிசோதிக்கச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1923-ல். அதன் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் இன்ஸ்பெக்டர் வருவது ஆண்டுக்கு ஒரு தடவை. மற்ற நாட்களில் பாய்லருக்கு என்ன ஆனது என்று சொல்ல எங்கள் லாக் புக்கை விட்டால் வேறு சாட்சி இல்லை. பேரிங் சூடு, மோட்டார் ஆம்பியர், சக்‌ஷன், டிஸ்சார்ஜ் அழுத்தம் எல்லாம் அதில் ஏறும். நேற்றைய எண்ணையே பார்த்து எழுதுவதை மேஸ்திரி பொறுக்கமாட்டார். பேரிங்கில் கை வைத்துவிட்டுத்தான் பேனாவைத் தொடச் சொல்வார்.

அரவை முடிந்தபின் பம்ப்பைப் பிரிக்கிறோம். ஸ்லீவ், வேர் ரிங், பேலன்ஸ் டிஸ்க் ஒவ்வொன்றையும் அளந்து, தேய்ந்ததை மாற்றி, டயல் கேஜ் வைத்து மோட்டாரோடு அலைன்மென்ட் பிடிக்கிறோம். குளிர்ந்த நிலையில் பிடித்த அலைன்மென்ட் சூடான தண்ணீர் ஏறியதும் கொஞ்சம் நகரும். அதற்கும் இடம் விட வேண்டும். ஓடாமல் நிற்கும் பம்ப்பின் ஷாஃப்டை வாரத்துக்கொரு தடவை கையால் சுற்றி, பேரிங்கின் குண்டுகள் ஒரே இடத்தில் அழுந்தாமல் பார்த்துக்கொள்கிறோம். இந்த ஆஃப் சீசனில் அந்த வேலை என்னுடையது. அடுத்தபடியாக பாய்லர் அட்டெண்டன்ட் தேர்வுக்குப் படிக்கிறேன். மலையிலிருந்து ஐ.டி.ஐ.க்கு வந்திருக்கும் தம்பிகள் கேட்டால், ஃபீடு பம்ப் மேடையிலேயே முதல் நாளைத் தொடங்கச் சொல்கிறேன்.